அங்கே தண்ணீர் போகாது என்று சொன்னேன்

2005 பிப்ரவரியில், நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில், தார் ஷீட் கொட்டகை ஒன்றின் வாசலில் உட்கார்ந்து இரண்டு நோட்டுப் புத்தகங்களை வைத்து நிலநடுக்கத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். சுனாமி வந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. நண்பர்கள் சிலர் சேர்ந்து நிவாரண வேலைக்குப் போயிருந்தோம். பகலில் பாத்திரம், பாய், போர்வை கணக்கு. சாயங்காலம் பிள்ளைகளோடு பேச்சு. ஒரு நோட்டை இன்னொன்றுக்கு அடியில் செருகிக் காட்டினேன். இதுதான் தட்டு, பூமியோட மேல் ஓட்டுல ஒரு பெரிய துண்டு, இது அதுக்குக் கீழே போகுது, உரசுது, அதனால் நிலம் ஆடுது, உரசி உரசிச் சூடாகி உருகி எரிமலையாக வருது என்று சொன்னேன். பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருப்பார், கேட்டார்: "தம்பி, ரெண்டு தட்டும் கடலுக்கு அடியிலதான் உரசுதுங்கிறீங்க? அங்க அம்புட்டுத் தண்ணி கெடக்கே, அப்புறம் நெருப்பு எப்படி வரும்?" நான் யோசிக்கவே இல்லை. "அது ரொம்ப ஆழம் அண்ணே, அங்கே தண்ணீர் போகாது" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பதில் தவறு. கொஞ்சம் தவறு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உண்மைக்கு நேர் எதிரான பதில். அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின. வீட்டைக் கடல் கொண்டுபோன ஒரு மனிதர், தன் அனுபவத்திலிருந்து சரியான இடத்தில் கை வைத்துக் கேட்ட கேள்வி அது. அதை நான் ஒரே வாக்கியத்தில் மூடிவிட்டேன். இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

பசிபிக் கடலைச் சுற்றி ஒரு 'நெருப்பு வளையம்' இருப்பது எல்லோருக்கும் தெரியும். சிலியில் தொடங்கி ஆண்டீஸ் வழியாக மேலே ஏறி, மத்திய அமெரிக்கா, அலாஸ்கா, அலூசியத் தீவுகள், கம்சாட்கா, ஜப்பான், பிலிப்பைன்ஸ், தொங்கா, நியூசிலாந்து என்று ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். உலகத்தில் உயிரோடு இருக்கும் எரிமலைகளில் முக்கால் பங்கு இந்த வளையத்தில்தான். படத்தில் சிவப்புப் பட்டையாகத் தடித்த தூரிகையில் வரைந்திருப்பார்கள். அந்தத் தடித்த தூரிகைதான் என்னை இத்தனை நாள் ஏமாற்றியது என்று இப்போது நினைக்கிறேன். அது ஒரு பட்டை இல்லை. அருகருகே ஓடும் இரண்டு கோடுகள்.

இரண்டு கோடுகள்

வேலை விஷயமாக ஜப்பானின் தெற்குப் பகுதியில் இருக்கும் ககோஷிமாவில் மூன்று வாரம் தங்க நேர்ந்தது. நகரத்துக்கு எதிரே, நான்கு கிலோமீட்டர் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சகுராஜிமா எரிமலை. படகில் கால் மணி நேரம். காலையில் எழுந்தால் முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்கள்; வானிலை அறிக்கையிலேயே சாம்பல் எந்தப் பக்கம் போகும் என்று சொல்கிறார்கள். வீட்டு வாசலில் விழுந்த சாம்பலைக் கூட்டி அள்ளிப் போடுவதற்கென்றே மாநகராட்சி மஞ்சள் நிறப் பைகள் கொடுக்கிறது. நான் தங்கிய விடுதியின் அம்மா, நம்மூரில் வாசல் தெளிப்பதைப்போல, தினமும் அந்த வேலையை ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் செய்தார். எரிமலையின் மறுபக்கத்தில் குரோகாமி என்ற ஊரில் ஒரு கோயில் வளைவு இருக்கிறது. மூன்று மீட்டர் உயரம் இருந்தது, 1914 ஜனவரியில் கொட்டிய சாம்பலில் புதைந்து, இப்போது மேல் ஒரு மீட்டர் மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிகிறது. அதே 1914 வெடிப்பில் வழிந்த லாவாதான் அதுவரை தீவாக இருந்த சகுராஜிமாவை நிலத்தோடு ஒட்டவைத்தது.

ஒரு நாள் மாலை, அந்த வட்டாரத்துக் கடலடி வரைபடம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிலிப்பைன் கடல் தட்டு ஜப்பானுக்கு அடியில் நுழையும் அகழி, அதாவது கடலடியில் ஓடும் நீண்ட ஆழமான பள்ளம், அதில் கருநீலக் கோடாக ஓடியது. எரிமலைகள் சிவப்பு முக்கோணங்கள். அந்தக் கருநீலக் கோட்டின் மேல் ஒரு முக்கோணம்கூட இல்லை. ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தள்ளி, அகழி எப்படி வளைகிறதோ அதே வளைவில், ஒழுங்காக வரிசை கட்டி நிற்கின்றன. வடக்கே தோகோகுவிலும் அப்படியே. சிலியிலும் அலூசியத் தீவுகளிலும் அப்படியே. உரசல்தான் எரிமலையைச் செய்கிறது என்றால், உரசும் இடத்தில்தானே எரிமலை இருக்க வேண்டும்? இத்தனை தூரம் தள்ளிப் போய் ஏன் நிற்கிறது? நோட்டுப் புத்தகத்தை வைத்து நான் சொன்ன கதை அந்த வரைபடத்தின் முன்னால் நிற்கவில்லை.

முதல் கோடு, அதாவது அகழியை ஒட்டிய கோடு, பெரும் நிலநடுக்கங்களுக்கு உரியது. அதை அறிவியல் எப்படிக் கண்டுபிடித்தது என்பதே ஒரு நல்ல கதை. 1964 மார்ச் 27, புனித வெள்ளி அன்று அலாஸ்காவில் 9.2 அளவில் பூமி நாலரை நிமிடம் ஆடியது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் ஜார்ஜ் பிளாஃப்கர் போய்ப் பார்த்தார். அவ்வளவு பெரிய நடுக்கத்துக்குக் காரணமான பிளவு எங்கே என்று தேடினால் தரையில் எதுவும் தென்படவில்லை. அவர் பாறைகளில் ஒட்டியிருந்த கொட்டலசுகளை அளக்க ஆரம்பித்தார். படகின் அடியில் ஒட்டிக்கொண்டு நம் மீனவர்களுக்கும் தொல்லை கொடுக்கும் அதே கொட்டலசுதான். அலை ஏறும் மட்டத்துக்கு மேலே அது உயிர் வாழாது. அதனால் செத்த கொட்டலசு எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அவ்வளவுக்கு நிலம் மேலே எழும்பியிருக்கிறது. மான்டேகு தீவில் சில இடங்களில் பதினோரு மீட்டர்வரை எழும்பியிருந்தது. கடல் பக்கத்து நிலம் முழுக்க ஏறியிருக்கிறது, உள்பக்கத்து நிலம் இறங்கியிருக்கிறது. கடல்தளம் மெல்லிய சாய்வில் கண்டத்துக்கு அடியில் நுழைந்திருந்தால்தான் இப்படி நடக்கும் என்று அவர் 1965இல் எழுதினார். தட்டுக் கொள்கை என்ற பெயரே அன்று புழக்கத்தில் இல்லை.

கீழே போகும் தட்டு மேலே இருக்கும் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. வருடத்துக்கு எட்டு சென்டிமீட்டர் அளவில், நூறு இருநூறு வருடம் அதை இழுத்து வளைத்துக்கொண்டே போகிறது. பிடி விடும் அன்று விளிம்பு துள்ளிக் கடலைத் தூக்குகிறது. 2011 மார்ச் 11இல் ஜப்பான் அகழிக்கு அருகே கடல்தளம் ஏறத்தாழ ஐம்பது மீட்டர் கிழக்கே நகர்ந்தது. கரையில் ஒஷிகா தீபகற்பம் ஐந்து மீட்டருக்கு மேல் கிழக்கே போய், ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. பிளாஃப்கர் அலாஸ்காவில் கொட்டலசை வைத்துக் கண்ட அதே ஏற்ற இறக்கத்தை இந்த முறை செயற்கைக்கோள் அளந்தது. ஆக உரசல் என்று நான் சொன்னதில் பாதி சரி. நிலநடுக்கத்துக்கு உரசல் போதும். எரிமலைக்குப் போதாது.

குளிர்ந்து போன தட்டு

இதில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த இடம் ஒன்று உண்டு. கீழே போகும் தட்டு ஏன் கீழே போகிறது? குளிர்ந்திருப்பதால். கடல்தளம் நடுக்கடல் மலைத்தொடர்களில் சூடாகப் பிறக்கிறது. விலகிப் போகப் போக ஆறுகிறது, தடிக்கிறது, கனக்கிறது. மேற்குப் பசிபிக்கின் சில பகுதிகள் 18 கோடி ஆண்டுப் பழையவை. அவ்வளவு காலம் ஆறிய தட்டு தன் கனத்திலேயே மூழ்குகிறது. மூழ்கும்போது தன் குளிர்ச்சியையும் கூடவே கொண்டு போகிறது. ஜப்பானில் கியோ வதாட்டி 1930களிலேயே, நிலநடுக்கங்கள் அகழியிலிருந்து ஆசியக் கண்டத்தின் பக்கம் போகப் போக ஆழமாகிக்கொண்டே போவதைக் காட்டினார். அப்படிப்பட்ட நடுக்கங்கள் எழுநூறு கிலோமீட்டர் ஆழம்வரை போகின்றன. அந்த ஆழத்தில் சூடான பாறை உடையாது, மெழுகு போல வளைந்து கொடுக்கும். அங்கே நிலநடுக்கம் வருகிறது என்றால், உள்ளே போன தட்டு இன்னும் குளிர்ந்து விறைப்பாக இருக்கிறது என்று பொருள்.

அட்லாண்டிக் கரைகளில் இந்த வளையம் ஏன் இல்லை என்பதற்கும் பதில் இதில்தான். அங்கே கண்டமும் கடல்தளமும் ஒரே தட்டின் இரண்டு பாகங்கள். ஒன்றுக்கு அடியில் ஒன்று போவதில்லை. கரீபியனிலும் தெற்கு சாண்ட்விச் தீவுகளிலும் மட்டும் இரண்டு சின்ன வளைவுகள் இருக்கின்றன. சென்னையிலிருந்து நாகை வரை நம் கரையும் அப்படித்தான். நாம் நிற்கும் நிலமும் எதிரே இருக்கும் கடல்தளமும் ஒரே துண்டு. ஆகவே கடலின் ஓரமாக இருப்பதால் மட்டும் எரிமலையோ நடுக்கமோ வந்துவிடாது. எந்த ஓரத்தில் கடல்தளம் நிலத்தை விட்டுப் பிரிந்து அடியில் போகிறதோ, பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் வரும்.

சரி, இப்போது சிக்கல். குளிர்ந்த பொருள் ஒன்று சூடான கவசத்துக்குள், அதாவது தட்டுகளுக்குக் கீழே இருக்கும் சூடான பாறை அடுக்குக்குள், இறங்கினால் அந்த இடம் குளிர வேண்டும். கொதிக்கும் சாம்பாரில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கரண்டியைப் போட்டால் கொதி அடங்கும். இங்கே மட்டும் குளிர்ந்த தட்டு இறங்கும் இடத்துக்கு நேர் மேலே நெருப்பு எப்படி வருகிறது? கொஞ்சம் மாற்றிக் கேட்டால், அந்த அண்ணன் கேட்ட கேள்வியேதான் இது.

பதில் தண்ணீர். கடல்தளம் கோடிக்கணக்கான வருடம் கடலுக்கு அடியில் ஊறியிருக்கிறது. அகழியில் வளையும்போது ஏற்படும் வெடிப்புகள் வழியாக இன்னும் உள்ளே போகிறது தண்ணீர். போய்ச் சும்மா தேங்கி நிற்பதில்லை. பாறையோடு சேர்ந்து புதிய கனிமமாகிவிடுகிறது. செர்ப்பென்டைன் என்று ஒன்று உண்டு, பாம்புத் தோல் போலப் பச்சை வரியோடு இருக்கும். அதன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு தண்ணீர். கையில் எடுத்தால் வெறும் கல், ஒரு சொட்டு ஈரம் தெரியாது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் மயில்துத்தத்தைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கியது ஞாபகம் இருக்கும். நீலப் படிகம் வெளுத்துப் போகும், குழாயின் வாய்ப் பக்கம் நீர்த்துளிகள் முத்து முத்தாக அரும்பும். அதுவரை அந்தத் தண்ணீர் படிகத்துக்குள் ஒளிந்திருந்தது. அமிழும் தட்டிலும் அதுதான் நடக்கிறது. தட்டு இறங்க இறங்க அழுத்தமும் சூடும் ஏறி, கனிமங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரைக் கக்குகின்றன. அந்தத் தண்ணீர் மேலே இருக்கும் சூடான கவசப் பாறைக்குள் ஏறுகிறது.

அந்தக் கவசப் பாறை நூறு கிலோமீட்டர் ஆழத்தில் ஏற்கெனவே ஏறத்தாழ 1300 டிகிரி சூட்டில் இருக்கிறது. ஆனாலும் உருகவில்லை. அந்த அழுத்தத்தில் உலர்ந்த பாறை உருக 1500 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும். குல்ஃபிக்காரர் பானையில் ஐஸ் கட்டியோடு கல்லுப்பைப் போடுவார் இல்லையா? உப்பு பட்டதும் ஐஸ் உருக ஆரம்பிக்கும். யாரும் சூடாக்கவில்லை, உப்பு, ஐஸ் உருகும் வெப்பநிலையையே கீழே இறக்கிவிட்டது. பாறைக்குத் தண்ணீர் அந்த உப்பு. தண்ணீர் சேர்ந்ததும் உருகும் வெப்பநிலை பல நூறு டிகிரி இறங்கிவிடுகிறது, ஏற்கெனவே இருக்கும் சூடே போதுமானதாகிவிடுகிறது. கூடுதல் நெருப்பு எங்கிருந்தும் வர வேண்டியதில்லை.

அந்த இருநூறு கிலோமீட்டர் இடைவெளிக்கும் இதுதான் காரணம். தட்டு சாய்வாக இறங்கி, தன் மேல் சூடான கவசம் இருக்கும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆழத்தை எட்ட வேண்டும். அதற்கு நேர் மேலே, தரையில், எரிமலை வரிசை. சாய்வு செங்குத்தாக இருந்தால் வரிசை அகழிக்குப் பக்கத்தில் வரும், படிந்த சாய்வாக இருந்தால் தள்ளிப் போகும்.

மழையில் வந்த பெரிலியம்

இதையெல்லாம் படித்த பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருந்தது. நூறு கிலோமீட்டர் ஆழத்தை யார் போய்ப் பார்த்தார்கள்? உரசல் கதையையும் நான் நம்பித்தானே சொன்னேன். அந்தச் சந்தேகம் விலகியது பெரிலியம்-10 பற்றிப் படித்த இரவில். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் மோதும்போது, ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்கள் சிதறிப் பெரிலியம்-10 உண்டாகிறது. அது உண்டாவது பெரும்பாலும் மேலே காற்றில்தான். மழையோடு இறங்கி, கடலில் களிமண் துகளோடு ஒட்டி, அடியில் சேறாகப் படிகிறது. அது நிலையான அணு இல்லை. ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பூமியின் வயிற்றில் கோடிக்கணக்கான ஆண்டு கிடக்கும் பாறையில் அது மிஞ்சியிருக்க வழியே இல்லை. 1980களில் வாஷிங்டனில் உள்ள கார்னகி நிறுவனத்தில் லூயிஸ் பிரவுன், ஃபவுத் தேரா முதலியோர் எரிமலைக் கற்களை எடுத்து அதைத் தேடினார்கள். புதிதாக வழிந்த லாவா மட்டுமே உதவும், ஏனென்றால் பழைய கல்லில் மழையே நேராக விழுந்து பெரிலியத்தைச் சேர்த்திருக்கும். ஹவாயின் லாவாவில் இல்லை எனலாம். நடுக்கடல் மலைத்தொடரிலும் அப்படியே. ஆனால் அலூசியத் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும், அகழிக்குப் பின்னால் நிற்கும் எரிமலைகளின் லாவாவில், அது தெளிவாக இருந்தது.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். எப்போதோ பெய்த மழையில் இறங்கிய அணு, கடலடிச் சேற்றில் படிந்து, தட்டோடு அகழிக்குள் போய், பூமிக்குள் நூறு கிலோமீட்டர் இறங்கி, எரிமலை வழியாக மறுபடி வெளியே வந்திருக்கிறது. கணக்கும் பொருந்துகிறது. அந்தச் சாய்வுப் பாதை இருநூறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு எட்டு சென்டிமீட்டர் வேகத்தில் 25 லட்சம் ஆண்டு. பெரிலியம் இரண்டு முறை பாதியாகக் குறைந்தாலும் மீதி இருக்கும். கடலடிச் சேறு எரிமலைக்குள் போகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. சேறு போகிறது என்றால் அதில் ஊறிய தண்ணீரும் போகிறது. "அங்கே தண்ணீர் போகாது" என்று நான் சொன்ன வாக்கியம் அந்த இரவில் என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

இதற்கு மறுபக்கச் சாட்சியும் உண்டு. பெருவின் வடக்கிலும் நடுவிலும் கடல்தளம் கண்டத்துக்கு அடியில் போகிறது, ஆனால் நூறு கிலோமீட்டர் ஆழத்தில் திரும்பிப் படுத்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிடைமட்டமாகவே ஊர்கிறது. தண்ணீர் ஏறிப் போய் உருக்குவதற்கு அதன் மேல் சூடான கவசம் இல்லாமல் போகிறது. அங்கே வானளாவிய ஆண்டீஸ் இருக்கிறது, 1746இல் லிமாவை அழித்ததுபோன்ற நிலநடுக்கங்கள் இருக்கின்றன, உரசலுக்குக் குறைவில்லை. உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. நெருப்பு வளையத்தில் ஏறத்தாழ 1500 கிலோமீட்டர் ஓட்டை.

சகுராஜிமாவின் வாயிலிருந்து வெள்ளையாக எழும்பியதில் பெரும்பகுதி நீராவி. விடுதி அம்மா கூட்டித் தள்ளிய சாம்பலும் அந்த நீராவி நொறுக்கிய பாறைதான். ஹவாயில் லாவா பெரும்பாலும் அமைதியாக வழிகிறது. இந்த வளையத்தில் வெடிக்கிறது. உள்ளே போன தண்ணீர் வெளியே வரும்போது மூடி திறந்த சோடா போலப் பொங்குகிறது.

மறுபடி அந்தக் குப்பத்தில்

போன வருடம் அவரைத் தேடிப் போனேன். தார் ஷீட் கொட்டகைகள் எப்போதோ போய்விட்டன. காங்கிரீட் வீடுகள், முற்றத்தில் வலை. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, படகு மகன் கையில். என்னை அவருக்கு ஞாபகம் இல்லை, கேட்ட கேள்வியும் ஞாபகம் இல்லை. நான் சொன்னேன். குல்ஃபியிலிருந்து பெரிலியம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப தண்ணிதான் நெருப்ப உண்டாக்குது" என்றார். ஆமாம் அண்ணே என்றேன். "நம்ம கடல்ல அந்தக் கோடு எங்க போகுது?"

கைபேசியில் காட்டினேன். அந்தமான், நிகோபாருக்கு மேற்கே அகழி, சுமத்ரா வரைக்கும் தெற்கே ஓடுகிறது. வங்கக் கடலின் தளம், கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய சேற்றோடு, அங்கேதான் உள்ளே போகிறது. அந்தச் சேற்றில் ஒரு பகுதி வழித்தெடுக்கப்பட்டுக் குவிந்துதான் அந்தமான் தீவுகளே உருவாகியிருக்கின்றன. அகழிக்குக் கிழக்கே, அதே இருநூறு கிலோமீட்டர் போலத் தள்ளி, பாரன் தீவு (Barren Island). ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்து 1991இல் மறுபடி புகைந்த, இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. நம் பக்கத்துக் கடல்நீர் வெளியே வரும் வாய் என்று அதைச் சொன்னேன். அவர் எரிமலையை அதிக நேரம் பார்க்கவில்லை. அகழிக் கோட்டின் மேல் ஒரு விரலை வைத்தார், நாகப்பட்டினத்தின் மேல் இன்னொன்று.

"அங்க ஆடினா இங்க வர எவ்வளவு நேரம் ஆகும்?"

2004இல் காலை ஆறரை மணிக்குச் சற்று முன்னால் ஆடியது, ஒன்பது மணி அளவில் இங்கே வந்துவிட்டது, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் என்று சொன்னேன். இப்போது ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது, 2007இலிருந்து இயங்குகிறது, ஆடிய சில நிமிடங்களில் தகவல் வந்துவிடும் என்பதையும் சொன்னேன். அவர் விரல்களை எடுக்கவில்லை.

"அன்னைக்கும் அந்த ரெண்டரை மணி நேரம் இருந்துச்சுல்ல தம்பி?"

"இருந்தது அண்ணே" என்றேன்.